நிறைந்த கொக்கிகள்

அன்றைய கூட்டத்துக்கு வந்தவர்கள் நான்கு பேர். தலைவர் ஆல்ரிக், அணில் படம் ஒட்டிய நாற்காலியில், முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தார். கணக்குப் பார்க்கும் தூவா பொம்மைப் பெட்டியின் மேல். ஆசிரியை ராகேல் ஜன்னலோரம். சின்ன நாற்காலிகளிலேயே காலம் தள்ளியவர் என்பதால் அவர் ஒருவர்தான் சௌகரியமாக இருந்தார். செயலாளரான நான் கதவருகே, மடியில் எழுதும் அட்டையோடு. பெற்றோர்களே சேர்ந்து நடத்தும் பாலர் பள்ளி இது. பெரியவர்களுக்கு நாற்காலி வாங்க ஒருபோதும் மனம் வந்ததில்லை.

பேசவேண்டியது ஒன்றே ஒன்று. குழந்தைக்கு இவ்வளவு என்றுதான் நகராட்சி பணம் தருகிறது. பத்துப் பேர் இருக்கிறார்கள். இன்னும் இரண்டு பேர் சேராவிட்டால் ஆகஸ்டில் பள்ளியைப் பூட்ட வேண்டும். ராகேலின் வேலையும் போகும். அறுபது வயதில் அவருக்கு இந்த ஊரில் வேறு வேலை கிடைக்காது.

என் மூத்தவளுக்கு இடம் கேட்டு, அவள் பிறக்கும் முன்பே வரிசையில் பெயர் கொடுத்தோம். இப்போது தெருவில் குழந்தைத் தள்ளுவண்டி போனால் யார் வீட்டுப் பிள்ளை என்று எட்டிப் பார்க்கிறோம். பாதி நேரம் உள்ளே நாய்க்குட்டி இருக்கிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய கம்பெனி நடத்தும் பள்ளியில் சேர்ந்தால் மழைக்கோட்டு இலவசம்; பிள்ளை தூங்கும் படம் கைப்பேசிக்கே வந்துவிடும்.

இந்தச் சமயத்தில்தான் தெற்கிலிருந்து எலோஃப், சிங்னே என்று ஒரு தம்பதி குடிவந்திருந்தார்கள். அவர்களுக்கு இரட்டைக் குழந்தைகள். வியாழக்கிழமை பள்ளியைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"ஆளில்லாத ஓட்டல்ல யாராவது போய் உக்காருவாங்களா?" என்றார் ஆல்ரிக். விளம்பரம் எழுதுவது அவர் பிழைப்பு. வாசலில் குழந்தைகளின் கோட்டு மாட்டும் கொக்கிகளில் பாதி வெறுமையாகக் கிடந்தன. வீட்டிலிருக்கும் பழைய உடுப்புகளைக் கொண்டுவந்து அவற்றை நிரப்பிவிடலாம் என்றார்.

"என் பையனோட பழைய பூட்ஸு பரண்ல இருக்கு. அவன் இப்ப மீசை எடுக்கிறான்," என்றாள் தூவா.

யாரும் மறுக்கவில்லை. தீர்மானம் என்றால் எழுதித்தானே ஆகவேண்டும்? கொக்கிகளை நிரப்புவது என்று நான் குறிப்பில் எழுதினேன். தூவா சரிபார்த்துக் கையெழுத்தும் போட்டாள்.

வியாழக்கிழமை வாசல் பொங்கி வழிந்தது. கோட்டுகள், கம்பளித் தொப்பிகள், ஜோடி சேராத கையுறைகள். தம்பதி இலவங்கப்பட்டை ரொட்டியோடு காப்பி குடித்தார்கள். இரட்டையரில் ஒருத்தி ராகேலின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, அவர் மடியிலேயே தூங்கிப்போனாள். ரொம்பப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

சனிக்கிழமை, தரை துடைக்கும் முறைக்கு நாங்கள் நால்வரும் வந்திருந்தபோது, ஆல்ரிக் எல்லோருக்கும் கேட்கும்படி அவர்களுக்கு ஃபோன் போட்டார். எலோஃப் மிக மரியாதையாகப் பேசினார்.

"உங்க கொக்கியெல்லாம் நிறைஞ்சிருக்கறதப் பாத்தோம். எங்களுக்கு முன்னாடி எத்தனை பேர் காத்திருக்காங்களோ. அவங்களைத் தாண்டி வர எங்களுக்கு மனசு வரல."

இடம் இருக்கிறது என்று ஆல்ரிக் அவசரமாகச் சொன்னார். அந்தப் பக்கக் குரல் குளிர்ந்துவிட்டது. எங்களுக்காக யாரையும் ஒதுக்க வேண்டாம், திங்கட்கிழமை பாலத்துக்கு அந்தப் பக்கம் சேர்க்கப்போகிறோம் என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார்.

இந்த நாட்டில் எதைச் செய்தாலும் மன்னிப்பு உண்டு, வரிசையில் முந்துவதைத் தவிர. எங்கள் நால்வரில் யாருக்குமா இது தோன்றவில்லை?

கடிதம் எழுதிவிடுவது என்று முடிவாயிற்று. தற்காலிகமாகச் சில உடைகள் வைக்கப்பட்டிருந்தன என்று எழுதச் சொன்னார் ஆல்ரிக்.

"இன்னும் விளம்பரமா? ஒரு விளம்பரத்துலயே ரெண்டு பிள்ளை போச்சு," என்றாள் தூவா.

துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு ராகேல் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"கோட்டெல்லாம் பொய்னு எழுது. வரிசையில ஒருத்தரும் இல்லைனு எழுது. எனக்கு இந்த வேலை வேணும்னும் எழுது. அந்தக் குட்டி என் மடியில தூங்கினது பொய்யில்லையே."

கேட்டதைக் கேட்டபடியே எழுதினேன். ஆல்ரிக் முகம் சிவக்க எல்லாக் கோட்டுகளையும் கழற்றி, வெறும் கொக்கிகளைப் படம் எடுத்து, பள்ளி அலுவலக அச்சுப்பொறியில் அச்சிட்டு எடுத்துவந்தார். நால்வரும் கையெழுத்துப் போட்டோம். படத்தையும் உள்ளே வைத்து, உறையை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டினேன்.

தபாலில் போட்டால் திங்கட்கிழமைக்குள் போய்ச் சேராது. ராகேல் உறையைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு, காலால் உந்தும் சறுக்குவண்டியில் ஏறி, பனி இறுகிய சரிவில் அவர்கள் வீட்டுத் தபால்பெட்டியை நோக்கிப் போனார்.