வாணர் பாலத்தில் மீன்தண்ணி

பிரியவதனிக்கு முப்பத்துநாலு வயது. மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் எடுத்து மூன்று மாதம்தான். கோப்பாயிலிருந்து நல்லூரிலுள்ள கந்தோருக்கு வேலைக்குப் போய் வருவதைத் தவிர வேறெங்கும் ஓடியதில்லை. புங்குடுதீவு இறுப்பிட்டியில் பெரியம்மாவின் மகள் கோபிகாவுக்குப் பிள்ளை பிறந்து துடக்குக் கழிக்கும் முப்பத்தோராம் நாள் வந்தபோது, பஸ்ஸில் போகமாட்டேன், மோட்டார் சைக்கிள் ஓடித்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

பண்ணைப் பாலத்தில் கடற்காற்று நன்றாகத்தான் இருந்தது. மண்டைதீவுச் சந்தி தாண்டியதும் வீதிக்கரையில் யாரோ வீசிய குப்பைப் பைகளை நாய்கள் கிழித்துப் போட்டிருந்தன. கோழிக்குடலும் குழந்தைகளின் பம்பர்ஸும் தார்வரை கிடந்தன. மூச்சை அடக்கிக்கொண்டு கடந்தாள்.

வேலணை முடிந்து வாணர் பாலத்தில் ஏறியபோது முன்னால் ஒரு லொறி போய்க்கொண்டிருந்தது. பட்டணத்தில் மீனை இறக்கிவிட்டு வெறும் பெட்டிகளோடு திரும்புகிற லொறி. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பெட்டிகள் குலுங்கி, பழைய ஐஸ்தண்ணி பின்பக்கமாகத் தெறித்தது. காற்று அதை நேரே இவளிடம் கொண்டுவந்தது.

ஹெல்மெட் கண்ணாடி கொழகொழவென்று மறைத்தது. வழி தெரியாமல் அதைத் தூக்கினாள். அடுத்த பள்ளத்தில் தண்ணி முகத்தில் அடித்தது. செதில் ஒன்று மேலுதட்டில் ஒட்டிக்கொண்டது. துடைக்கக் கையை விட ஏலாது. துப்பினாள், காற்று துப்பலையும் திருப்பிக் கழுத்தில் பூசியது. முந்திப் போகலாம் என்றால் எதிரே வாகனங்கள், இரண்டு பக்கமும் கடல். அப்படியே பாலம் முழுவதும் போனாள்.

அக்கரையில் லொறி ஒதுங்கி நின்றது. இவளும் நின்று, இறங்கிய கையோடு வேலிக்கரையில் வாந்தி எடுத்தாள். சாரதி இறங்கி வந்தான். நாற்பது வயதிருக்கும்.

"ஏன் பிள்ளை என்ரை பின்னாலேயே வந்தனீர்? கரையில கொஞ்சம் நிண்டிருந்தா நான் போயிருப்பனே."

அவளுக்கு அது தோன்றாமலில்லை. "நிண்டா திரும்ப எடுக்கேக்கை எஞ்சின் நூந்து நிண்டுபோடும் எண்டு பயம், அண்ணை. நான் இப்பத்தான் பழகினனான்."

அவன் சிரிக்கவில்லை. வாய் கொப்பளிக்கத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். போத்தலும் மீன்தான் மணத்தது. வேறு வழியில்லாமல் வாங்கிக் கொப்பளித்தாள். லொறியைவிட இப்போது தன்மீதுதான் அவளுக்கு அதிக அருவருப்பு. இத்தனை தூரம் நாற்றத்தைக் குடித்துக்கொண்டு வந்தது ஒரு கிளச்சுக்குப் பயந்து.

இறுப்பிட்டியில் பெரியம்மா ஞானசவுந்தரி படலையிலேயே மறித்தாள். "ஐயர் துடக்குக் கழிச்சுப்போட்டுப் போய் அரை மணித்தியாலம் ஆகேல்லை. நேரே கிணத்தடிக்குப் போ."

கிணற்றுத் தண்ணீர் உவர். மூன்று தரம் போட்டும் சோப் நுரைக்கவில்லை. நாற்றத்தின்மேல் லக்ஸ் வாசம் ஏறியதுதான் மிச்சம். கோபிகாவின் பெரிய பூப்போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு தலைவாசலில் தள்ளி இருந்தாள். வந்திருந்த சனம் இலையை எடுத்துக்கொண்டு மற்றப் பக்கம் மாறியது. வந்த பாயாசத்தை அவள் தள்ளி வைத்தாள்.

கோபிகா பிள்ளையோடு வந்து பக்கத்தில் குந்தினாள்.

"தூக்குங்கோ அக்கா."

"மணக்கிறன் கோபி."

"ஓம், மணக்கிறீங்கள்தான். இவன் மட்டும் என்ன?"

பிள்ளையை மடியில் வைத்ததும் அது புளித்த பாலைத் தோளில் கக்கியது. அந்தச் சூடு முதுகுவரை இறங்கியபோது அவளுக்கு மறுபடி குமட்டியது. ஆனாலும் பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

பின்னேரம் பெரியப்பா குலசிங்கம், "மோட்டர்சைக்கிள் இஞ்சை நிக்கட்டும், நீர் பஸ்ஸில போம்" என்றார். அவள் ஹெல்மெட்டைப் போட்டாள். உள்ளே நாற்றம் அப்படியே இருந்தது. படலையில் இரண்டு தரம் எஞ்சின் நூந்தது. மூன்றாம் தரம் வண்டி நகர்ந்தது.

கோப்பாயில் அம்மா ஹெல்மெட்டைத் தடியால் தூக்கி வேலியில் மாட்டினாள்.

"இந்தக் கோலத்துக்கோ அவ்வளவு தூரம் ஓடினனீ?"

"ஓம்" என்றாள் பிரியவதனி, நாற்றம் போகத் தலைக்குத் தேசிக்காய்ப் புளி தேய்த்தபடி.