சின்னவன் கடந்து போன சந்து

கண் பரிசோதனை அறையில் அன்று இருந்தவர்கள் நான்கு பேர்: டாக்டரம்மா, நூலாலையில் வேலை பார்க்கும் சின்னவன், அதே ஆலையில் வேலை செய்யும் அவன் அண்ணன், அண்ணி. வேறு யாரும் இல்லை.

பொழுது சாய்ந்தால் சகோதரர்கள் இருவருக்கும் கண் தெரியாது. அவர்கள் அப்பாவுக்கும் அப்படித்தான். வெளியே தெரியாமலிருக்க, அந்தி நேரத்தில் பக்கத்தில் வருபவர் தோளில் கைபோட்டு நடப்பார்கள். பார்த்தவர்கள், ‘என்ன பாசம்!’ என்றார்கள். கௌரவம் அப்படியே நின்றது.

போன மாதம் ஒரு நாள் அண்ணனுக்குக் காய்ச்சல்; தோள் கொடுக்க வேறு யாரும் கூட வரவில்லை. அந்தியில் சின்னவன் தனியாகச் சுவரைத் தடவிக்கொண்டு திரும்பினான். கிடங்குச் சந்தில் ஆலை மேஸ்திரி நெஞ்சைப் பிடித்தபடி விழுந்து கிடந்தார். பேச்சு வராமல் கையை நீட்டினார். சின்னவன் நிற்காமல் போனதை மாடி ஜன்னலிலிருந்து இருவர் பார்த்துவிட்டு ஓடிவந்தார்கள். உயிர் தங்கவில்லை. முந்தின வாரம்தான் மேஸ்திரிக்கும் சின்னவனுக்கும் வாய்ச்சண்டை. ஆலை வேறென்ன நினைக்கும்?

“மங்கல் வெளிச்சத்துல பார்க்கிற செல்லே தனி,” என்றார் டாக்டரம்மா. “அதுக்குள்ள கால்சியம் அயனி வரணும், வெளியேறணும். அந்த அளவை வச்சுத்தான் செல்லு தன் கூர்மையை ஏத்தி இறக்கிக்கும். உங்க தம்பிக்கு வெளியேத்துற வழி பிறவியிலேயே பழுது. ரத்தப் பரிசோதனையும் அதையேதான் சொல்லுது.”

“அப்போ பாலை நிறுத்திடட்டுமா?” அண்ணி பதறினாள். “சொம்பு சொம்பா ஊத்தினேனே தம்பிக்கு!”

சின்னவன் சிரித்துவிட்டான். அந்த மாதத்தில் அவன் சிரித்தது அப்போதுதான்.

“குடிக்கிற பாலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா. ஆலைக்கு நான் எழுதித் தர்றேன். இவர் மேல தப்பில்ல.”

“வேண்டாம்,” என்றார் அண்ணன்.

“அண்ணே, மேஸ்திரி மக என் மூஞ்சியில துப்பிட்டாண்ணே.”

“என் மகன் ராத்திரியில லாரி ஓட்டறான்டா. அவனுக்கு இந்தக் குறை கிடையாது. சொன்னா நம்புவாங்களா? கல்நெஞ்சக்காரன்னா பேரு உனக்கு மட்டும்தான். குருட்டுக் குடும்பம்னா எல்லாருக்கும்.”

அண்ணி தலை குனிந்துகொண்டாள். சின்னவன் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு டாக்டரம்மா பக்கம் திரும்பினான்.

“எழுத வேண்டாம்மா.”

தம்பியிடம் நன்றி சொல்லி அண்ணனுக்குப் பழக்கமில்லை.

மறுவாரம் சின்னவன் வீட்டை விட்டுப் போய்விட்டான். அண்ணன் அவனை அடித்துத் துரத்தினார் என்று ஒரு பேச்சு உலவுகிறது. பொய். யாரும் துரத்தவில்லை. பட்டப்பகலில் அவனாகவே பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அண்ணன் கதவைத் திறந்துவிட்டார், அவ்வளவுதான்.