இரண்டு தடவை பார்த்த கடிகாரம்

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. என் கண்ணின் மேல் ஆணை. இடது கண்ணில் புரை விழுந்திருப்பதால் அதைக் கணக்கில் சேர்க்காமல், நல்ல கண்ணின் மேலேயே ஆணையிடுகிறேன்.

தன் அக்காவை அடக்கம் செய்துவிட்டு வந்து, 'நிமிஷம்' என்று ஊரே கூப்பிடும் மனிதர் வாடகை நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நாற்காலிக்கும் கூடத்துக் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார், குனிந்தார், மறுபடி பார்த்தார்.

"என்னய்யா, நாற்காலி எத்தனை மணிக்குக் கிளம்புதுன்னு குறிக்கிறியா?" என்றார் பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன்.

நிமிஷம் சிரிக்கவில்லை. பஸ் நிலையத்தில் முப்பது வருஷம் டைம்கீப்பர்; அதில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. அரைமணி தாமதமாக வரும் டிரைவரையும் "வாங்கண்ணே, சாப்ட்டீங்களா?" என்று கேட்கிற மனிதர். கனவில் மட்டும் ஆள் வேறு. கனவுக்குள் இருந்துகொண்டே இது கனவென்று கண்டுபிடிக்கும் வித்தை அவருக்குக் கைவந்திருந்தது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி பார்க்க வேண்டும். நிஜமென்றால் மணி அப்படியே இருக்கும், கனவென்றால் தாவியிருக்கும். தாவிவிட்டால் போதும், டிப்போ மேனேஜரைத் தோப்புக்கரணம் போடவைப்பார், பஸ்ஸைக் கடல்மேல் ஓட்டுவார், பெண்டாட்டியை எதிர்த்துக்கூடப் பேசுவார்.

"முழிச்சிருக்கிறது யூனிஃபார்ம் போட்ட நான். நிஜ ஆளு உள்ள இருக்கான்" என்று பெருமையடித்துக்கொள்வார்.

அந்த நிஜ ஆள்தான் முந்தின நாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில் வெளியே வந்தான்.

பதினொரு நாளாக அக்காவின் கட்டிலருகே ஸ்டூலில் காவல். அன்று தூக்கத்தில் அவருக்குக் கண் செருகிக்கொண்டு வந்தது. அக்கா கூப்பிட்டாள்.

"தம்பி, இங்கதான் இருக்கியாடா?"

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு ஐந்து. அக்காவைப் பார்த்துவிட்டு மறுபடி பார்த்தார். இரண்டரை. அப்பாடா, கனவு.

"இருக்கேன். இருந்து இருந்து இடுப்பு போச்சு. எப்பக்கா போகப்போற? போய்த் தொலையேன். நான் வீட்டுக்குப் போய்ப் படுக்கணும்."

அக்கா அவரையே பார்த்தாள். சின்ன வயதில் பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டு வந்து நிற்கும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"சரிடா" என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கனவென்றால் அடுத்தது பறப்பதுதான் அவர் வழக்கம். எழுந்து கைகளை இரண்டு தடவை அடித்தார்.

"கொசுவா சார்?" என்றாள் பக்கத்துக் கட்டிலம்மா.

கைகள் அந்தரத்திலேயே நின்றன.

நான்கு மணிக்கு அக்கா போய்விட்டாள். நேரம் குறிக்க வந்த நர்ஸ் சுவரைப் பார்க்காமல் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "அதுல பெரிய முள்ளு லூசுங்க. ஒண்ணுலேர்ந்து வழுக்கி ஆறுல போய் விழுந்துடும்" என்றாள்.

கூடத்தில் இப்போது அக்காவின் மகள் எதிரே வந்து நின்றாள். வெளியூரில் டீச்சர், அன்று காலைதான் வந்து சேர்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

"மாமா, அம்மா கடைசியா ஏதாவது சொன்னாங்களா?"

மடக்கிய நாற்காலியை விரித்து உட்கார்ந்தார் நிமிஷம்.

"'சரிடா'ன்னு சொன்னா."

"எதுக்குச் சரி?"

கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நாற்பது. அவள் முகத்தைப் பார்த்தார். மறுபடி கடிகாரம். அதே ஐந்து நாற்பது.

"போய்த் தொலைன்னு சொன்னேம்மா. கனவுன்னு நெனச்சு."

எலக்ட்ரீஷியன் டீ டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். வாசலில் நாற்காலிக் கடைக்காரரின் வண்டி ஹாரன் அடித்தது.

"எந்திரிங்க மாமா" என்றாள் அவள். "இது ஒண்ணுதான் பாக்கி."

அவர் எழுந்தார். அவளே அந்த நாற்காலியை மடக்கி அடுக்கின் மேல் வைத்தாள்.

நான்கு நாள் கழித்து இறப்புச் சான்றிதழ் வாங்கப் போனவள், மாமா சொன்ன கடிகாரத்தைத் தேடி அந்த வார்டை எட்டிப் பார்த்தாள். நாலு சுவரிலும் கடிகாரம் இல்லை. ஆணி அடித்த தடம்கூட இல்லை. அப்படியானால் நிமிஷம் இரண்டு தடவை பார்த்த கடிகாரம், அந்த நர்ஸ், 'போய்த் தொலை' எல்லாமே கனவுதானோ என்னவோ.