அறை வெப்பநிலை

'அறை வெப்பநிலையில் இரண்டு மணி நேரம் கலக்க வேண்டும்.' என் கணவர் தனிஸ்லாஸ் தம் காப்புரிமையில் எழுதிவைத்துவிட்டுப் போன வரி. ஃபைபர் படகின் அடியில் சிப்பி ஒட்டாமல் தடுக்கும் பூச்சு அது. அரியாங்குப்பத்தில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஷெட்டில் அவர் கலந்தார். இப்போது நான் கலக்கிறேன். மற்றதையெல்லாம் மில்லிகிராம் வரை எழுதியவர் இங்கே மட்டும் ஓர் எண்ணைப் போடவில்லை.

எதிர்க் கம்பெனி அதே பொருள்களை அதே அளவில், முப்பத்தெட்டு டிகிரிக்குச் சூடாக்கிக் கலக்கிறது. அறை வெப்பநிலை என்றால் இருபத்தைந்துதான், அதனால் நாங்கள் மீறவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் சொல்லிவிட்டார்கள். நீதிபதி அதை ஏற்றுக்கொண்டால், பாதி விலைக்கு விற்கிற அவர்களிடம் நான் தாக்குப்பிடிக்க முடியாது. ஷெட்டை மூட வேண்டியதுதான்.

வக்கீல் இளஞ்செழியன் கோப்பைப் புரட்டினார்.

"புத்தகத்துல இருக்கிறத காட்றாங்கக்கா. இருபதுலேர்ந்து இருபத்தஞ்சாம்."

"அது எந்த ஊர் அறை தம்பி? நம்ம ஷெட்டுல மார்கழி மத்தியானம்கூட இருபத்தஞ்சுக்கு எறங்காது."

"சரிதான். ஆனா சார் எங்க வெச்சு செஞ்சார்னு ஒரு வார்த்தை இல்லியே. படிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?"

நானும் அன்றே அவரிடம் கேட்டேன். "அறைன்னா நாம நிக்கிற அறைதான் மேரி. இதுல எழுத என்ன இருக்கு?" என்று சிரித்தார். இப்போது சிரிக்கட்டுமே.

"அப்ப ஷெட்டோட சூட்ட அளந்து பாத்தீங்களா?"

"தெர்மாமீட்டர் பீரோவுலேயே கெடந்துச்சு."

"அப்ப சமாதானமா போயிடலாமாக்கா? முப்பது டிகிரி வரைக்கும் உங்களுதுன்னு ஒத்துக்கிறாங்க."

"அதுக்கு மேல?"

"யாரு வேணா செய்யலாம்."

"நல்லாயிருக்கு! வெயில் காலத்துல நான் கலக்குறதே என் காப்புரிமையில இல்லேங்கறீங்க!"

அவர் கோப்பை மூடிவைத்தார்.

"எழுதுங்க தம்பி. மொத தடவ சரியா வந்தது ரெண்டாயிரத்துப் பத்தொன்பது, பெரிய வெள்ளிக்கு மறுநாள், சித்திரை மத்தியானம். வேர்வை கலவையில விழுந்தா கெட்டுடும்னு, ரெண்டு மணி நேரமும் துண்டால அவரு நெத்திய ஒத்திக்கிட்டே நின்னேன்."

"அது டிகிரி ஆகாதேக்கா."

"ஆகாதுன்னு அவங்க சொல்லட்டும். கூண்டுல ஏறி நான் சொல்றேன்."

பெருமூச்சுவிட்டு லேப்டாப்பைத் திறந்தார். "வேற ஏதாச்சும் ஞாபகம் இருக்கா?"

"அன்னிக்கு எங்களுக்குள்ள சண்டை."

"அதெல்லாம் எதுக்குக்கா பிரமாணப் பத்திரத்துல?"

"கலவையில தூசி விழும்னு அவரு ஃபேன் போட விடல. அதுக்குத்தான் சண்டையே."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அதையும் தட்டச்சு செய்தார்.