பாறையில் பிழிந்த வடாம்

என் கணவர் ராமசுப்ரமணியன் மத்திய சர்க்கார் குமாஸ்தா. தலைநகரில், ஸ்ரீனிவாஸ்புரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். பக்கத்துக் குன்றில் அசோகர் காலத்து எழுத்து வெட்டிய பாறை ஒன்று உண்டு. ஞாயிறானால் ஆபீஸ் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். என்னையும் கூப்பிடுவார். "கல்லுல பார்க்க என்ன இருக்கு?" என்பேன். ஒரு தடவைகூடப் போனதில்லை.

1975 மே மாதம், ஒரு ஞாயிறு. மாடி வீட்டார் மொட்டைமாடியைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். நானோ வடாத்துக்குக் கூழ் கிளறிவிட்டேன். வேலைக்கு வரும் பொன்னியின் தலையில் பாத்திரத்தை ஏற்றிக் குன்றுக்குப் போனேன். வெயில் நன்றாக விழும் சரிவான பாறை அகப்பட்டது.

"அம்மா, இதுல என்னமோ கீறியிருக்குதே?" என்றாள் பொன்னி.

"கல்லுன்னா கீறல் இருக்காதா? ஜல்தி, வேஷ்டியை விரி."

பாதி பிழிந்திருப்பேன். அவர் நாலைந்து பேரோடு ஏறி வந்தார்.

"ஓய், சக்கரவர்த்தி வடாமும் போட்டிருக்காரே!" என்றார் அவர் ஆபீஸ் நண்பர் வெங்கடராமன். எல்லோரும் சிரித்தார்கள். இவர் மட்டும் குனிந்து வேஷ்டியின் ஓரத்தைத் தூக்கினார். கூழ் கசிந்து எழுத்துக் குழிகளில் வெள்ளையாக இறங்கியிருந்தது.

"யார் பண்ணின காரியம் இது?"

"பொன்னிதான். இங்கே வேண்டாம்னு தலைபாடா அடிச்சுண்டேன், கேக்கலை."

பொன்னி என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம், "ஆமாங்கய்யா. தெரியாமப் போட்டுட்டேன்" என்றாள்.

அத்தனை பேர் முன்னால் அவர் மண்டியிட்டு, ஈரத் துண்டால் ஒவ்வொரு எழுத்தாகத் துடைத்தார். வீட்டுக்கு வந்ததும், "அவ இனிமே வர வேண்டாம்" என்றார். "சரின்னா" என்றேன்.

மறுநாள் பொன்னியின் ஜுக்கிக் குடிசைக்குப் போனேன். "அவர்கிட்ட நிஜத்தைச் சொல்லிடறேன்" என்றேன்.

"வேணாம்மா. எனக்கு இன்னும் மூணு வூடு இருக்குது. உங்களுக்கு ஐயா ஒருத்தருதானே?" என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போனாள்.

அவள் வாயிலிருந்து அந்த 'வேணாம்' வரட்டும் என்றுதான் போனேனோ என்னவோ. மனசு லேசாகித் திரும்பினேன்.

எட்டு வருஷம் கழித்து அவர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தார். கடைசிவரை நினைவு தெளிவாக இருந்தது. ஒரு மத்தியானம் அவராகவே, "அந்தப் பொன்னியை நான் அப்படி அனுப்பியிருக்க வேண்டாம். பாவம், அவளுக்கு என்ன தெரியும்?" என்றார்.

நான் அவருக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். "ஆமாம், பாவம்" என்றேன்.