இயக்குநர்கள் மறுக்கலாம்

இன்று மாலை கம்பெனிச் சட்ட வகுப்புக்குப் போகவில்லை. ஆலையில் கூட்டம் இருந்தது. குறிப்பு எழுதுவது என் வேலை. நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். எதையாவது தவறாகப் புரிந்துகொண்டேனோ என்று இன்னும் சந்தேகம்.

மசாக்கா ஊரில் எங்கள் காப்பிக்கொட்டை உடைக்கும் ஆலை மூன்று நண்பர்கள் தொடங்கிய கம்பெனி. அவர்களில் லுப்வாமா பணம் போடவில்லை. பங்குக்கு ஈடாகத் தன் நிலத்தைக் கம்பெனி பெயருக்கு எழுதிக் கொடுத்தார். ஆலை அதில்தான் நிற்கிறது, பின்னால் அவர் வீடும். அவர் இறந்துவிட்டார். இப்போது இயக்குநர்களாக இருக்கும் மற்ற இருவரும், கலியாங்கோவும் செபுக்வாவோவும், நிலத்தை விற்கப் போகிறார்கள். விற்க முக்கால்வாசி வாக்கு வேண்டும் என்பதால், பங்கு தன் பெயருக்கு மாறினால்தான் அவர் மனைவி நன்டூமே அதைத் தடுக்க முடியும்.

நீதிமன்ற ஆணையை மேசையில் வைத்தாள். "சாவுச் சடங்குல மரவுரி போத்தி அவர் தம்பி மகன வாரிசா நிறுத்துனாங்க. மரவுரி அவனோட போகட்டும். பங்கு எனக்குன்னு கோர்ட்டே சொல்லிருச்சு."

"வாரிசுச் சண்டையே வேணாம் அண்ணி, அவனையும் சேக்க மாட்டோம்" என்றார் கலியாங்கோ. "நீ படி பாப்பா, பதினெட்டாம் விதி."

கம்பெனி விதிகளை எடுத்துப் படித்தேன். இறந்தவரின் பங்கை யார் பெயருக்கும் பதிய, காரணம் சொல்லாமலே இயக்குநர்கள் மறுக்கலாம்.

"எந்தப் பாவி எழுதுனது இது?"

"உங்க வீட்டுக்காரன்தான்" என்றார் கலியாங்கோ. "நான் செத்தா என் மச்சானுங்க உள்ள வந்துருவானுங்கன்னு பயந்து, டைப் அடிக்கிறவன் பக்கத்துலயே நின்னு சேக்கச் சொன்னான். அன்னிக்கு நான் மூணு நாள் அவன்கூடப் பேசல."

செபுக்வாவோ சிரித்தார். அவளுக்குக்கூடச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "செஞ்சிருப்பாரு. அவர் புத்தி அப்படி. சரி, மாத்துங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். விதியை மாற்ற, பங்கு பதிவான உறுப்பினர்களில் முக்கால்வாசி வாக்கு வேண்டும் என்றேன். வகுப்பில் சொன்னதுதான்.

"நான் ஓட்டுப் போடுறேனே."

"நீங்க உறுப்பினர் இல்லம்மா" என்றேன்.

"உறுப்பினர் ஆகத்தானே மாத்தச் சொல்றேன்."

வேறு வழி இருக்குமோ என்று விதிகளைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். எனக்குத் தெரியவில்லை. என்னைவிடக் கெட்டிக்காரர்களுக்குத் தெரியலாம்.

"திரும்பக் கோர்ட்டுக்குப் போங்க, யார் வேணாங்குறா?" என்றார் செபுக்வாவோ.

"இந்தக் காகிதம் வாங்கவே ரெண்டு அறுவடை போச்சு. திங்கக்கிழமை நீங்க வித்துருவீங்க."

விற்பனைத் தீர்மானத்துக்கு இரண்டு கைகள் உயர்ந்தன. 'வந்திருந்தோர்' என்ற இடத்தில் இரண்டு பெயர்களை எழுதினேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"என் பேரு?"

"உறுப்பினர் பேருதான் எழுதணும்மா."

"இங்கதானே உக்காந்திருக்கேன்."

கலியாங்கோ குறிப்பை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். அவள் ஆணையை மடித்துக்கொண்டு பின்கதவு வழியாக வீட்டுக்குப் போனாள். சற்று நேரத்தில் அவள் அடுப்புப் புகை அலுவலகத்துக்குள் வந்தது. செபுக்வாவோ எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.