சரிவுக்கு ஏற்ற இயந்திரம்

தெமோதரை ஸ்டேஷனுக்கு மேலே, ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன பங்களாவையும் அதைச் சுற்றியிருந்த புல்நிலத்தையும் இத்ரூஸ் முதலாளி வாங்கியது மனைவி லரீபாவுக்காக. கல்யாணமான நாளிலிருந்து பதுளை பஸாரில் இரும்புக்கடையின் மேல்மாடியில் குடியிருந்தவள் அவள். ஜன்னலைத் திறந்தால் வண்டிமாடுகளும் எதிர்க்கடைத் தகரக் கூரையும்தான் தெரியும். "பச்சையா ஒரு இடத்துல கொஞ்ச நாள் இருக்கணும்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நிலத்துக்கு உறுதிப் பத்திரம் எழுதி, வீட்டுக்கு வெள்ளையடித்து, சாமான் ஏற்றுகிற சமயத்தில் காய்ச்சல் வந்து மௌத்தாகிவிட்டாள்.

பிள்ளைகள் இல்லை. கடையைத் தம்பி மகன் ஜாபிரிடம் ஒப்படைத்துவிட்டு முதலாளி தனியாக அந்தப் பங்களாவுக்குக் குடிபோனார். சொந்தக்காரர்கள் தடுத்தார்கள். அவர் கேட்கவில்லை.

பதுளை வரைக்கும் ரயில் ஓடத் தொடங்கிய மறுவருஷம் அது. வெள்ளிக்கிழமைகளில் ரயிலேறிப் போய் ஜும்ஆத் தொழுதுவிட்டு, கடையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருவார். மற்ற நாட்களில் பேச ஆளில்லை. சமையல்காரர் றவூப் நல்ல மனுஷர்தான், ஆனால் காது மந்தம். ஒரு சங்கதியைக் கத்திச் சொல்லி முடிப்பதற்குள் அதைச் சொல்லும் ஆசையே போய்விடும்.

புல்லோ ஆளுயரம் வளர்ந்துகொண்டிருந்தது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மலை காய்ந்து தீப்பிடித்தால் பங்களாவும் சேர்ந்து எரியும் என்று ஜாபிர் பயமுறுத்தினான். கொழும்பில் இயந்திரம் விற்கும் ஒரு கம்பெனிக்கு எழுதிப்போட்டதும் அவன்தான்.

அப்படி வந்தவர்தான் ஷுக்ரி. முப்பது வயதுக்குள் இருக்கும். வெயிலில் ஸ்டேஷனிலிருந்து ஏறி வந்து, படிக்கட்டில் நின்று ஸலாம் சொல்லி, துருக்கித் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். பிறகு படங்கள் அச்சடித்த ஒரு தடித்த புத்தகத்தை மேசையில் விரித்தார்.

"இது டிரக்டர், முதலாளி. மண்ணெண்ணெயில ஓடும். பக்கவாட்டுல வெட்டுக்கத்தி பூட்டலாம். இது ரெண்டு மாடு இழுக்கிற புல்வெட்டி. இது சின்ன லொறி, வெட்டின புல்லை ஏத்தலாம், ஸ்டேஷனுக்குச் சாமானும் கொண்டுபோகலாம்."

"எது நல்லது?"

"நிலத்தைப் பார்க்காம சொன்னா பொய் சொன்னமாதிரி ஆயிரும்."

இருவரும் நிலம் முழுக்க நடந்தார்கள். ஷுக்ரி குனிந்து மண்ணை அழுத்திப் பார்த்தார். நடக்கும்போது ஓயாமல் பேசினார். சொந்த ஊரான காலியில் இருக்கும் உம்மா, அங்கத்துக் கடல், சின்ன வயதில் தோணியிலிருந்து விழுந்தது. முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். சாப்பாட்டு மேசையில் எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துங்க" என்று கேட்டு எவ்வளவு காலமாயிற்று!

"முடிவு சொல்றீங்களா?" என்றார் ஷுக்ரி, புறப்படும்போது.

"யோசிக்கணும் தம்பி. அடுத்த தடவை வரும்போது சொல்றேன்."

அடுத்த தடவை ஷுக்ரி வந்தபோது முதலாளி மாடு இழுக்கும் புல்வெட்டியைப் பற்றி நுணுக்கி நுணுக்கிக் கேட்டார். அதற்கடுத்த தடவை லொறி. பிறகு மறுபடியும் டிரக்டர். இரும்புச் சாமானில் ஊறின மனுஷர் அவர். ஆணியைத் தொட்டே தரம் சொல்லுகிறவர், மெஷினின் ஒவ்வொரு பல்லுக்கும் சங்கிலிக்கும் விளக்கம் கேட்டு மாதங்களைக் கடத்தினார். ஷுக்ரி வருகிற நாளில் விடியும்போதே எழுந்து, றவூபின் காதில் கத்திக் கோழி அறுக்கச் சொல்வார்.

ஒருநாள் ஷுக்ரி புத்தகத்தை மூடி வைத்தார்.

"முதலாளி, மனசுல உள்ளதைச் சொல்லுங்க. வாங்குறீங்களா இல்லையா? கம்பெனியில என்னைக் கேக்கிறாங்க."

முதலாளிக்கு முகம் சிவந்தது. "வாங்குறேன். எதை வாங்கலாம்னு நீங்களே சொல்லுங்க."

"மாட்டு மெஷின்தான். உங்க நிலத்துல பங்களாவைச் சுத்தித்தான் சமதரை. மிச்சமெல்லாம் சரிவு. டிரக்டர் சரிவுல ஏறினா கவிழும். அதோட அது ஓயாம ஆள் கேக்கும். மூணு மாசத்துக்கு ஒருதரம் எங்க கம்பெனியில இருந்து வந்து பார்த்தாத்தான் ஓடும்."

"யார் வருவாங்க?"

"மெக்கானிக் வருவார். சில நேரம் நானும் வரலாம்."

முதலாளி கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார். "டிரக்டரே அனுப்புங்க" என்றார்.

ஷுக்ரி அவரை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

டிரக்டர் சாமான் ரயிலில் தெமோதரைக்கு வந்து இறங்கியது. முள்ளுமுள்ளாக இரும்புச் சக்கரம். கூட வந்த மெக்கானிக் அதைப் பூட்டி, ஓட்டி, முதலாளிக்கும் பழக்கிவிட்டுப் போனார். பேச்சே இல்லாத ஆள். தேத்தண்ணியைக்கூட நின்றபடியே குடித்தார்.

மறுநாள் காலை முதலாளி சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு தானே ஏறி உட்கார்ந்தார். மலை முழுக்க அதிர்ந்தது. பங்களாவுக்கு முன்னால் இருந்த சமதரையைக் கோணல்மாணலாக வெட்டி முடித்தார். ஈரப்புல் வாசம் கும்மென்று எழுந்தது. வெட்டின இடம் லரீபா கேட்டமாதிரியே பச்சையாகக் கிடந்தது. "பார்த்தீங்களா!" என்று சந்தோஷத்தோடு திரும்பினார். பின்னால் ஒருவரும் இல்லை. றவூப் குசினிக்குள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இந்தச் சத்தமும் கேட்கவில்லை.

முதலாளி எஞ்சினை அணைத்துவிட்டு அதன்மேலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மார்கழி மழையில் பாதை சேறானது. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லொறி வளைவில் புதைந்துபோக, அதன் டிரைவர் யேசுரத்தினம் நனைந்தபடி ஓடிவந்தார்.

"வண்டி பொதைஞ்சு போச்சுங்க மொதலாளி. ஒங்க மிஷினு இழுக்குமாங்க?"

இழுத்தது. அதன்பிறகு எது புதைந்தாலும் முதலாளியைக் கூப்பிட ஆள் வந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் "வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்பார். "பெரட்டுல ஆள் எண்ணுற நேரமாச்சுங்க, இன்னொரு நாளைக்கு வாரேங்க" என்று போய்விடுவார்கள். வண்டி நகர்ந்ததும் எல்லோரும் அந்த வண்டியோடு போய்விட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து மெக்கானிக் மட்டும் வந்தார். அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருதரம் வந்தவரும் அவர்தான்.

"ஷுக்ரி வரலையா?"

"அவருக்கு இப்ப காலிப் பக்கம். கல்யாணம் கட்டிட்டார்."

முதலாளி சற்று யோசித்தார். "அந்த மாட்டு மெஷினும் எனக்கு வேணும்னு சொல்லுங்க. ஷுக்ரியே வந்து சரிவைப் பார்த்துக் குடுக்கணும்" என்றார்.

ஷுக்ரி வந்தார். முகம் வாடியிருந்தது, கண் சிவந்திருந்தது. ஆனாலும் நேரே சரிவுக்குப் போய் அளந்து பார்த்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தார். மேசையில் கோழிக்கறி, வட்டிலப்பம் எல்லாம் இருந்தன. அவர் தொடவில்லை. "முதல்ல எழுதிருவோம் முதலாளி. இன்னைக்கே நான் திரும்பணும். பொஞ்சாதிக்கு நிறைமாசம். வலி எப்ப வருமோ தெரியாது."

முதலாளி கரண்டியைக் கீழே வைத்தார்.

"தம்பி, எனக்கு மெஷின் வேணாம்."

"என்ன?"

"நீங்க வரணும்னுதான் அப்படிச் சொல்லி அனுப்பினேன். டிரக்டரையும் அதுக்காகத்தான் வாங்கினேன்."

ஷுக்ரி எழுந்து நின்றுவிட்டார். "காலியில இருந்து ரெண்டு ரயில் மாறி வந்திருக்கேன். இந்த நேரத்துல அவளை விட்டுட்டு வந்திருக்கேன்!"

"தெரியாது தம்பி. தெரிஞ்சிருந்தா..."

"வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லி இருக்கலாமே!"

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?"

ஷுக்ரி வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கோபம் இறங்கி உட்கார்ந்தார். "வந்திருக்க மாட்டேன். அதுதான் உண்மை" என்றார் மெதுவாக.

"சரி, நான் அந்த மெஷினை வாங்கிக்கிறேன். உங்களுக்கு வந்த வேலையாவது ஆகட்டும்."

"வேணாம். இனி நான் உங்களுக்கு ஒண்ணும் விக்க மாட்டேன்." சொல்லிவிட்டு வட்டிலப்பத்தில் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "சரிவைப் பத்தி ஒண்ணு சொல்றேன். வர்ற வழியில தோட்டத்து லயத்துல குடியிருக்கிற பொம்பளைங்க பாதையோரத்துல ஒரு பிடி புல்லுக்காகக் குனிஞ்சுகிட்டுத் திரியுறாங்க. மாடு வச்சிருக்காங்க, தீனி இல்லை. உங்க சரிவுல அறுத்துக்கச் சொல்லுங்க. அதுக்கு மெஷினே தேவையில்லை."

முதலாளி அவரை டிரக்டரில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார். ரயில் வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்து லரீபாவைப் பற்றிச் சொன்னார். அவள் மௌத்தான பிறகு யாரிடமும் சொல்லாததெல்லாம் வந்தது. மேல்மாடி ஜன்னலில் அவள் வளர்த்த புதினாத் தொட்டி, கடைசிக் காய்ச்சலில் பங்களாவுக்கு எந்தத் திரைச்சீலை போடுவதென்று அவள் பிதற்றியது. ஷுக்ரி ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. ரயில் வந்ததும் முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை பிறந்ததும் சொல்லி அனுப்புறேன்" என்றார்.

சொல்லி அனுப்பினார். பெண் பிள்ளை. அதற்குப் பிறகு அவர் வரவில்லை. வரமாட்டார் என்று முதலாளிக்கும் தெரிந்திருந்தது.

முதலாளி யேசுரத்தினத்தைத் தேடிப்போய், சரிவில் புல் அறுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே யேசுரத்தினத்தின் மனைவி றோசாலியும் இன்னும் சில பெண்களும் கதிர் அரிவாளோடு சரிவில் ஏறினார்கள். பங்களாப் பக்கம் வரக் கூச்சப்பட்டு, தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டு வேலையில் இறங்கினார்கள். யாரோ ஒருத்தி மாமியாரைத் திட்டினாள். இன்னொருத்தி சிரித்தாள். காற்று திரும்பும்போது பாதி வார்த்தைகள் கேட்டன, பாதி கேட்கவில்லை.

அந்தப் பேச்சு அவரோடு பேசினதில்லை, அவரைப் பற்றினதும் இல்லை. ஆனாலும் முதலாளி விறாந்தையில் நாற்காலியை இழுத்துப் போட்டு, புல்கட்டுகள் கீழே இறங்கிப் போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.